மூன்றாவது நகல்

"லைன்ல இருக்கியாப்பா தீயணைப்பு?"

"இருக்கேன் சார்."

"கேமராவைப் போடேன்."

"நெட் சரியில்ல சார். பேச்சோட நிறுத்திக்கலாம்."

ஆபீசில் எங்கே பற்றிக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் வந்த பட்டப்பெயர் அது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது.

"மருந்துக் கம்பெனிக்காரன் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்கான். மூணு ஆர்டர்ல ஒண்ணு பாதியில நிக்குது" என்றார் மேனேஜர். "நம்ம டீம்ல ஒரு ஆளைக் குறைக்கணும்னு மேலேயிருந்து வேற பிடுங்கறாங்க. சாயங்காலம் நான் பேர் அனுப்பணும். பார்த்துக்க."

அவனுக்குப் பக்கென்றது. மூன்று நாளாகச் சொந்த வேலை என்று லீவில் இருந்தான். ஆளைக் கழிக்கிற வாரமாகப் பார்த்து லீவு போட்டவனை யார் வைத்துக்கொள்வார்கள்?

"வெச்சிட்டுப் படுடா" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா. அவன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மடியிலிருந்த லேப்டாப்பில் இடது கையால் தட்டத் தொடங்கினான். வலது கையை அசைக்க அக்கா விடவில்லை.

ஆர்டர் வாங்குவது ஒரு மென்பொருள். மருந்து கையிருப்பில் உண்டா என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவதற்கு மூன்று நகல்கள், ஆளுக்கொரு கண்டெய்னரில், அதாவது சர்வருக்குள் தடுத்துவிட்ட தனி அறை மாதிரி ஒன்றில். அந்தக் கண்டெய்னர்களுக்கு ஆயுசு கம்மி. ஒன்று விழும், வேறு முகவரியில் புதிதாக ஒன்று எழும். முகவரியைத் தேடிக்கொண்டு அலைய முடியுமா? அதனால் நடுவில் மாறாத பெயரோடு ஒரு சர்வீஸ் உண்டு. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் போதும். மூன்றில் எது 'தயார்' என்று சொல்கிறதோ, அதனிடம் வேலையைத் தள்ளிவிடும்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். மூணாவது நகல் டேட்டாபேஸோட பேச முடியாம மாட்டிக்கிட்டு நிக்குது. ஆனா பத்து செகண்டுக்கு ஒரு தடவை 'தயாரா'ன்னு கேட்டா, 'தயார்'னே சொல்லுது. அதை நம்பி ஆர்டரும் போய்க்கிட்டே இருக்கு."

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? மத்த ரெண்டும் பார்த்துக்கும்ல. எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான் சார். ரெண்டு வருஷம் முன்னாடி, அவசரத்துல. யார் கேட்டாலும் 'தயார்'னு சொல்லுன்னு ஒரே வரியில முடிச்சிட்டேன்."

சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம். அந்த வரியை அழித்தான்.

"அது என்னப்பா, பின்னாடி பீப் பீப்னு?"

"ஏதோ மெஷின் சார், விடுங்க. இனிமே அது வாய்வார்த்தையா சொல்றதை நம்ப வேண்டாம். ஒரு மருந்தோட கையிருப்பை நிஜமாவே எடுத்துக் காட்டினாத்தான் தயார்."

நாலே முக்காலுக்குத் திருத்தம் சர்வரில் ஏறியது. மூன்றாவது நகல் முதல் தடவையாக உண்மையைச் சொன்னது. சர்வீஸ் அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்க, ஆர்டர்கள் ஒழுங்காக ஓடின.

"பிழைச்சோம்ப்பா. உன் பேரை அனுப்ப மாட்டேன், நிம்மதியா இரு" என்றார் மேனேஜர். "ஆமா, குரல் ஏன் டல்லா இருக்கு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே. நல்லா இருக்கேன் சார்."

"அப்போ ஞாயித்துக்கிழமை வேலையையும் நீயே பார்த்துடு. தயார்தானே?"

"தயார் சார்."

போனை வைத்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நர்ஸ், மாரடைப்பு வந்து மூன்று நாள்கூட முழுதாக ஆகாதவன் மடியில் லேப்டாப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று அவன் முந்திக்கொண்டான்.

"உங்களை யார் கேட்டா?" என்ற நர்ஸ், தலைமாட்டில் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்த மானிட்டரைப் பார்த்தாள், பார்த்த வேகத்தில் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.