மெலிந்த எலிகள்

எலியின் இதயத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஆராய்ச்சியாளர் துள்ளிக் குதித்தார்.

"நாலு மாசமா கொழுப்புத் தீவனம் தின்ன பிறகும் எடையே ஏறலை. இதயமும் பளிச்சுனு இருக்கு. நம்ம மருந்து ஜெயிச்சிடுச்சு!"

கூண்டுகளைப் பராமரிக்கும் பெண் பேயறைந்தது போல் நின்றாள்.

"என்னக்கா, சந்தோஷமில்லையா? அடுத்து மனுஷங்களுக்குக் கொடுக்கப்போறோம். உங்க வீட்டுக்காரர் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன். இப்பதான் அவருக்கும் போன்ல சொன்னேன்."

அவள் வெளியே ஓடி வந்து கணவரை அழைத்தாள்.

"ஏங்க, நாளைக்கு ஆபரேஷன்..."

"வேண்டாம்னு சொல்லிட்டேன். மாத்திரையிலயே சரியாகும்போது நெஞ்சை எதுக்குக் கிழிக்கணும்?"

"ஐயோ, அந்த மருந்தை நம்பாதீங்க!"

"ஏன்?"

"போன தடவை எலிங்க கொழுத்துப்போயி, உங்களை மாதிரியே மூச்சு வாங்கிச் செத்துச்சுங்க. எனக்கு மனசு கேக்கலை. இந்தத் தடவை கொழுப்புத் தீவனத்தைக் கொட்டிட்டு, யாருக்கும் தெரியாம சாதாத் தீவனம்தாங்க வச்சேன்."

அவர் சிரித்தார்.

"என்னைக் கத்திக்குக் கொடுக்கணும்னா, இப்படியெல்லாமா கதை கட்டுவே?"

போனை வைத்துவிட்டார்.