வாசல் பெட்டி

பெண்கள் காப்பகத்தின் இணையத்தை நிர்வகித்த நிறுவனம், யார் எதைத் தேடினார்கள் என்று மாத அறிக்கை அனுப்பியிருந்தது. நான்காம் அறை: ‘கணவன் கண்டுபிடிக்க முடியாத ஊர்.’

“யாரைக் கேட்டு எழுதி வச்சீங்க?” காப்பாளர் தமயந்தி போனில் சீறினாள்.

“ரிப்போர்ட்டுக்குத் தனி சார்ஜ் இல்ல மேடம்.”

“எட்டிப் பாக்குறதுக்குக் காசு வேறயா?”

அன்றே அவர்களை விலக்கினாள். சின்ன ரூட்டர் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, கையேட்டை மடியில் விரித்து, இணையம் வந்துபோகும் வாசலைத் தானே அமைத்தாள். கடைசியாகப் பெட்டி போன் திரையில் கேட்டது: ‘யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று குறித்து வைக்கவா?’

நான்காம் அறைப் பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, கதவையும் திறக்கவில்லை. உள்ளே என்ன தேடுகிறாளோ?

தமயந்தியின் விரல் ‘ஆம்’ மேல் நின்றது. காலையில் சீறிய அதே குரல் தொண்டைக்குள் எழுந்தது: “யாரைக் கேட்டு?”