கொடி மரியாதை

பெட்டியோடு வந்திறங்கிய மாமியார், வாசலிலேயே மகளின் காரை மறித்தார்.

"ஒரு மாசம் தங்கலாம்னு வந்திருக்கேன். மாப்பிள்ளை எங்கேடி?"

"மாநாட்டுக்குப் போயிட்டாரும்மா. வர ஒரு மாசம் ஆகும்."

காரின் முன்னால் கொடி படபடத்தது. 'தூதர் வண்டியில இருந்தாத்தான் கொடி பறக்கணும் அத்தை, இல்லேன்னா உறை போட்டு மூடணும்' என்று கல்யாணமான நாளிலிருந்து தூதரான மாப்பிள்ளை அளந்துகொண்டிருப்பது மாமியாருக்கு ஞாபகம் வந்தது.

"ஏம்ப்பா டிரைவர், அவர்தான் ஊர்லயே இல்லையே, எதுக்குக் கொடி? மூடு!"

டிரைவர் திருதிருவென விழித்தார். மகள் ஆகாயத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் உறையை எடுத்து மாட்டினார்.

டிக்கிக்குள்ளிருந்து ஒரு குரல் கர்ஜித்தது.

"நான் வண்டியில இருக்கும்போது கொடியை மூட எவனுக்குடா தைரியம்?"