சாலா ஆச்சியின் பாகற்காய்

"1961 ஜூலை 12. ஒரு சிறு பிழை. சென்ற வாரம் இரவுச் சாப்பாடு தவறிவிடுமோ என்று மாலை வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பாதிப் பாடத்தை ஆச்சியிடம் முழுப் பாடம்போலச் சொல்லிவிட்டேன்."

'பாதி' சரியா, 'முக்கால்' சரியா என்று நாகராசுவுக்குச் சந்தேகம் வந்தது. பேனாவைத் திறந்தான். மூடினான்.

அவன் கேட்டு வந்த பாதி இதுதான்: கிருமிகளை விரட்ட, மரம் தன் உடம்பிலேயே கசப்பான ஒரு நஞ்சைச் சுரக்கிறது.

சாலா ஆச்சி வீட்டில் அப்போது ஆதப்பன் என்று ஒரு விருந்தாளி. கொல்லை எலுமிச்சையின் இலைச் சொறியைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர். பார்த்தாயிற்று. போகத்தான் இல்லை. முன்னறைக் கட்டிலும் அவருக்குப் போய்விட்டது.

அது நாகராசுவின் கட்டில். புதுக்கோட்டையில் ரூம் கிடைக்கும்வரை என்று கறம்பக்குடியிலிருந்து வந்து, மூன்றாவது வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறான். கட்டில் போனதுபோல் சாப்பாட்டு இலையும் போய்விட்டால் படிப்பு என்னாவது?

வந்து ஒட்டிக்கொண்டவரை விரட்ட நாமும் மரத்தைப்போலச் செய்தால் என்ன என்று ஆச்சியின் காதில் போட்டான். ஆச்சி அவனையே சற்று நேரம் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து பாகற்காய், சுண்டைக்காய், வேப்பம்பூ ரசம். வேறு எதுவும் கிடையாது.

ஆதப்பன் இலையை வழித்துச் சாப்பிட்டார். தன் சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சொன்ன சாப்பாடு இந்த ஒரு வீட்டில்தான் கிடைக்கிறது என்று கண் கலங்கினார்.

இன்றுதான் கூடப் படிக்கும் பிச்சைமுத்து வகுப்பில் மீதிப் பாடத்தைச் சொன்னான். சில பாக்டீரியாக்கள் அந்த நஞ்சையே உடைத்து உணவாக்கிக்கொள்ளுமாம். மரம் சுரக்கச் சுரக்க அவை பெருகுமாம்.

நல்லவேளை, திருமயத்தில் கல்யாணம் என்று ஆதப்பன் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டவன் நாகராசுதான்.

சாப்பிட உட்கார்ந்தான். இலையில் பாகற்காய்.

அவர்தான் போய்விட்டாரே என்றான்.

"அவரு என்னிக்கிருந்தாலும் போறவரு. மொத நாள்லேருந்து நான் ஒனக்குத்தான் தம்பி செய்யுறேன்" என்றாள் ஆச்சி.

நாகராசு இலையை வழித்துச் சாப்பிட்டான். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான். முதலில் குமட்டிய காய்தான்; இப்போது அது இல்லாமல் சோறு இறங்குவதில்லை.

கை கழுவிவிட்டு வந்து எழுதினான்:

"ஆச்சியின் பிரியத்தை இத்தனை நாள் கவனிக்காதது என் பிழை. நாளைய வேலை: கட்டிலை என் பக்கம் இழுத்துப் போடுவது. சந்தையில் நல்ல பாகற்காயாகப் பார்த்து ஆச்சிக்கு வாங்கி வருவது."