பத்தாவது ஜாடி

மேசை மேல் பத்துக் கண்ணாடி ஜாடிகள். ஒன்பது காலி. பத்தாவது, மூடியை மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"கடவுளே!" என்றார் பயிற்சிக்கு வந்திருந்த யோகா டீச்சர்.

பண்ணைக்காரர் அந்த ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். "யாருது இது?"

"என்னுதுதாங்க ஐயா," என்றாள் ஆயாம்மா.

அதிர்ச்சி என்றால் அப்படியொரு அதிர்ச்சி. வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஆயாம்மாவா?

கடைக்கு ஓடாமல், குப்பை சேர்க்காமல் வாழக் கற்றுத்தரும் பத்து நாள் பயிற்சி அது. பண்ணையிலேயே தங்கிப் பால் கறக்க வேண்டும், உரக்குழி கிளற வேண்டும், விதை காயவைக்க வேண்டும், குளித்த தண்ணீரைச் செடிக்குத் திருப்ப வேண்டும். முதல் நாளே ஆளுக்கொரு ஜாடியைக் கையில் கொடுத்துவிட்டார் பண்ணைக்காரர்.

"மக்காத குப்பை எதுவா இருந்தாலும் இதுலதான் போடணும். கடைசி நாள் எல்லார் முன்னாடியும் திறப்போம். பூச்சி மருந்து மட்டும் யார்கிட்டயாவது பாத்தேன், அந்த நிமிஷமே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

நன்றாகக் கற்றுக்கொண்ட ஒருவருக்குப் பண்ணையிலேயே வேலை, தங்க ஓர் அறை என்றும் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஆயாம்மாவுக்கு அதுதான் பிழைப்பு. இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு வேலை பார்த்தவள். போன மாதம் ஆளைக் குறைத்தார்கள், இவள் தலைதான் முதலில் உருண்டது. விஷயத்தைக் கேள்விப்பட்ட பண்ணைக்காரர் அவளைப் பணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டார். இந்த வேலையும் இல்லையென்றால் அடுத்த மாதம் எங்கே படுப்பது என்று அவளுக்குத் தெரியாது.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தினமும் காலையில் கன்றுக்குட்டியை மேய அவிழ்த்துவிடும் முன், வேலியோரமாகக் குனிந்து நிமிர்ந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாள்.

"ஆயாம்மா வாக்கிங் கிளம்பிட்டாங்கப்பா!" என்று புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி கிண்டல் செய்யும்.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் அவர்தான் கேட்டார், "ஆஸ்பத்திரியில யார் யாரோட அசிங்கத்தையெல்லாம் அள்ளியிருப்பீங்க, இல்ல?"

"நிறைய அள்ளியிருக்கேங்க. யாருதுன்னு மட்டும் வெளிய சொல்ல மாட்டோம்," என்று சிரித்தாள்.

நேற்றுச் சாயங்காலமே பண்ணைக்காரரின் மனைவி அந்த அறையைக் கூட்டிப் பெருக்கிப் பாய் போட்டு வைத்துவிட்டாள். இப்போது பார்த்தால் இந்த ஜாடி.

"பழக்கதோஷம் லேசுல போகாது சார்," என்றார் ஹெட்மாஸ்டர். "ஒழுக்கம்னு ஒண்ணு சின்ன வயசுலயே வரணும்."

பண்ணைக்காரர் ஜாடியை மேசையில் கவிழ்த்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"நூடுல்ஸ் பாக்கெட்! ஏன், இங்க விளையிறது தொண்டையில இறங்கலையா?"

புது மாப்பிள்ளை கூரையில் பல்லி தேட ஆரம்பித்தான். அவன் மனைவி அவன் காலை மிதித்தாள்.

"சாக்லேட் காகிதம்! ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாலு!"

யோகா டீச்சர் கண்ணை மூடித் தியானத்தில் இறங்கிவிட்டார்.

"இது என்ன? இருமல் மிட்டாய்! அடேயப்பா, அட்டை அட்டையா!"

ஹெட்மாஸ்டருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட அடக்கிக்கொண்டார்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அத்தனை பேரும் கப்சிப். பண்ணைக்காரர் இருந்த கோபத்தில் எதையும் கவனிக்கவில்லை.

"ஏன் ஆயாம்மா? உங்களுக்குன்னு அறையைக்கூட ரெடி பண்ணி வெச்சோமே!"

"மக்காததை வேற எங்கங்க ஐயா போடுறது? நீங்கதானே ஜாடியில போடச் சொன்னீங்க."

"வேண்டாம், பேசாதீங்க. இந்த வேலை உங்களுக்கு இல்ல."

ஆயாம்மா தலையை ஆட்டினாள்.

மேசையில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. மண் அப்பி, சின்னதாக மடிந்து கிடந்த ஒரு பாக்கெட். பண்ணைக்காரர் அதைப் பிரித்தார். பாதி பிரித்ததுமே கை நின்றுவிட்டது.

பூச்சி மருந்து.

போன வாரம் கத்தரிச் செடியில் புழுவைப் பார்த்துப் பயந்து, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவரே அடித்த மருந்து. அவரே வேலியோரம் மண்ணைத் தள்ளி மறைத்த பாக்கெட். கன்றுக்குட்டி மேயும் வேலியோரம். ஆயாம்மா தினமும் வாக்கிங் போன அதே வேலியோரம்.

அவர் மறுபடி மேசையைப் பார்த்தார். நூடுல்ஸ், சாக்லேட், இருமல் மிட்டாய். பிறகு எதிரே குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துபோயிற்று. பேயறைந்தவர் மாதிரி பாக்கெட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

பேச்சை மாற்ற ஒரு சாக்குக் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் கையில? மருந்து பாக்கெட் மாதிரி இருக்கே! யாருது சார் அது?"

எல்லார் கண்ணும் அந்த மூடிய கை மேல். பண்ணைக்காரர் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

ஆயாம்மா மூலையில் இருந்த தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என் ஜாடியிலதானே இருந்துச்சு? அதுவும் என்னுதுதாங்க."