முதல் வரியில் ஒரு பெயர்

மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் படம்பிடித்து வைத்திருந்த ஹாட் டிஸ்க், கோயிலின் கணினி வேலைகளைப் பார்க்கும் கொலின்சின் புதுக் கணினியில் திறக்கவே இல்லை.

“ஞாயிறு பூசையிலை என்ரை கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்கவேணும், அண்ணை. பதிவு இல்லாட்டிச் சுவாமி வாசிக்கமாட்டார்,” என்றாள் நிறஞ்சனா.

“டிஸ்க்கைப் பகுதி பகுதியாப் பிரிக்கிறதுக்கு எல்லா லினக்ஸ் இயங்குதளத்துக்கும் பொதுவா ஒரு நிரல் தொகுப்பு வேணுமெண்டு எத்தினை வருசமாக் கத்துறன்! ஆர் கேக்கிறது? இதை ஒரு விசரன் தன்ரை பாட்டுக்கு எழுதின நிரலாலை பிரிச்சிருக்கிறான்.”

“ஆரண்ணை அவன்?”

“கட்டற்ற மென்பொருள், தங்கச்சி. ஒளிக்கேலாது. பேர் முதல் வரியிலையே இருக்கும்.”

நிரலைத் திறந்த கொலின்ஸ் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நிறஞ்சனா எட்டிப் பார்த்து வாசித்தாள்: “பொதுத் தொகுப்பு ஒன்றும் தேவையில்லை, இதுவே போதும். எழுதியவர்: கொலின்ஸ், மாங்குளம்.”

“விசரனைக் கண்டுபிடிச்சாச்சு,” என்றாள். “இனி அவரைத் திறக்கச் சொல்லுங்கோ, அண்ணை.”