கரண்ட் போன பிறகு

ஆறுச்சாமி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். இனி கடைசிப் பாட்டு முடிகிற வரைக்கும் அது கீழே இறங்கக் கூடாது.

மேடைக்குப் பின்னால் பிளக்ஸில் சிவப்பிரகாஷ் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் மகன். காந்தலூரில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது மலை வளைவில் வேன் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தவன்.

இன்றைக்கு அவன் குழுவே கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், அறுப்பு முடிந்த வயலில் மேடை போட்டு, அவன் பாட்டுகளை அவனுக்கே படைக்கிறது.

அவன் போனதிலிருந்து காளியாத்தாள் புருஷனிடம் பேசுவதில்லை. சோறு போடுவாள். மாடு கறந்தாயிற்றா என்பதைக்கூட மகள் கௌசிகாவை விட்டுத்தான் கேட்பாள்.

காரணம் ஊருக்கே தெரியும். கிணற்றடி மோட்டார் ரூமில் பையன் கரண்டு கிட்டாரை அலறவிடும்போதெல்லாம், வெளிச்சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார் ஆறுச்சாமி. காந்தலூருக்குக் கிளம்பிய அன்று காலையிலும் பிடுங்கினார்.

இப்போது காளியாத்தாளுக்குக் காலில் மாவுக்கட்டு. கொட்டகையில் வழுக்கி விழுந்தது. கூட கௌசிகா இருந்தாக வேண்டும். வேறு ஆளில்லை. அத்தனை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏனுங்க, ஒரு பாட்டு உடாமப் புடிச்சுட்டு வாங்க. இதையாச்சும் பாதியில நிறுத்தீராதீங்க."

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் மனுஷர் வந்திருக்கிறார். இதையும் கெடுத்துவிட்டால் அவள் இனி ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள்.

கௌசிகா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். சிவப்புப் பொட்டை அமுக்கணும். அப்புறம் எதையும் தொடக் கூடாது. முக்கியமாக வாயைத் திறக்கக் கூடாது, போனுக்குக் கிட்டத்தில் இருப்பவர் சத்தம்தான் முதலில் விழும்.

நெரிசலில் மூக்குக்கண்ணாடி எங்கேயோ விழுந்து மிதிபட்டுவிட்டது. மேடை நன்றாகத் தெரிந்தது. கையிலிருந்த போன்தான் வெறும் வெளிச்சமாக இருந்தது. முதலில் பக்கத்தில் எதையோ தவறி அமுக்கி, பிறகு சரியாகச் சிவப்பை அமுக்கினார்.

டிரம்ஸ் நெஞ்சுக்குள் இடித்தது. மேற்கு வெயில் கண்ணில் குத்தியது. வலது கை மரத்துப்போனால் இடது கைக்கு மாற்றினார். நெல் மூட்டை தூக்கிய தோள், ஒரு போனுக்கு நடுங்கியது.

பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் போனைப் பார்த்தாள். தோழியை இடித்துச் சிரித்தாள். பிறகு அவர் காதருகே வந்து, "தாத்தா, போனு…" என்று கத்தினாள். மிச்சத்தை டிரம்ஸ் விழுங்கிவிட்டது.

அவர் கண்ணாலேயே அவளை அதட்டினார். சத்தம் விழுமே!

கடைசிப் பாட்டுக்கு முன்னால் கோகுல்நாத் மைக்கைப் பிடித்தான். சிவப்பிரகாஷோடு கடைசி வரை மேடையேறியவன்.

"இந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். பாதியில கரண்ட் போயிரும். போக வெச்ச அவங்கப்பாவுக்கு ஒரு கைதட்டுங்க!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஆறுச்சாமிக்குக் காது சுட்டது. அவர் இங்கேதான் நிற்கிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

"அந்த எடத்துல அவன் கண்ண மூடி உள்ளுக்குள்ளயே ஏதோ பாடுவான். என்னன்னு எங்ககிட்டச் சொன்னதே இல்லை. அதனால நாங்க சும்மா நிக்கறோம். நீங்களும் நில்லுங்க."

பாட்டு ஏறியது. ஏறி, உச்சியில் பட்டென்று அறுந்தது.

அத்தனை பேரும் வாயடைத்து நின்றார்கள். செக்போஸ்டில் ஒரு லாரி முனகுவதுகூடக் கேட்டது. இருமல் வந்தாலும் போச்சு. ஆறுச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு மேடையையே பார்த்தார். அவருக்குத் தெரிந்து மூச்சுக்கூட விடவில்லை.

மறுபடி கிட்டார் அலறியபோதுதான் கண்ணைத் துடைத்தார். அப்போதும் போன் மேலேயேதான் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து போனைக் கொடுத்தார். கௌசிகா திறந்து பார்த்தாள். தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அப்பா… இதுல மேடையே இல்லீங்களே. முழுக்க உங்க மூஞ்சிதானுங்க இருக்குது."

அவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரமானது. விளங்கியதும் வாசலுக்கு இறங்கி, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

உள்ளே காளியாத்தாள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைசிப் பாட்ட வை" என்று மகளிடம் சொல்வது மட்டும் கேட்டது.

பாட்டு ஏறியது. அறுந்தது.

அந்த அமைதியில் போனிலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. கரகரத்த, ராகம் சரியாக நிற்காத, கிழட்டுக் குரல். யாருடையது என்று ஆறுச்சாமிக்கே உடனே பிடிபடவில்லை.

"சுவத்துக்கு அந்தாண்ட நிக்கறவரே,
வெயில் ஏறுது, உள்ள வாங்க.
கட்டை உங்க கையில இருக்கட்டும்,
பாட்டு எங்கிட்ட இருக்குது, உள்ள வாங்க."

கரண்ட் போனால் வீடு வரை வரும் அலறல் நின்றுவிடும். பையனும் நிறுத்திவிட்டான் என்றுதான் காளியாத்தாள் நினைத்திருந்தாள். நிறுத்தியதில்லை. இருட்டில் இதை மெல்லப் பாடிக்கொண்டே இருப்பான். அது கிணற்றடியைத் தாண்டாது. மோட்டார் ரூம் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து, ஒவ்வொரு தடவையும் முடிகிற வரைக்கும் நின்றவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

போனில் கிட்டார் மறுபடி அலறத் தொடங்கியது. யாரோ அதை நிறுத்தினார்கள்.



பிறகு காளியாத்தாளின் குரல் வந்தது. கௌசிகாவிடம் இல்லை.

"ஏனுங்க, இன்னும் அங்கயேதான் நின்னுட்டிருக்கறீங்களா? உள்ள வாங்க."